தவிடு தின்னும் மீனுக்கு இரைப்பை இல்லை

தஞ்சாவூர் கீழவாசல் மீன் கடைகளில் ரோகு வாங்கி ஆயக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கப் பொறுமை இருந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வயிற்றைக் கீறியதும் குடல் வந்துகொண்டே இருக்கும். மெல்லிய சுவர், சுருள் சுருளான போக்கு, உள்ளே பச்சையும் கறுப்புமாகக் குழைந்த ஏதோ ஒன்று. நீட்டிப் பிடித்தால் மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு போகும். அடுத்த பலகையில் விரால் கிடக்கிறது. அதன் வயிற்றில் தடித்த சதைப்பை ஒன்று, அதிலிருந்து கிளம்பும் குட்டையான குடல், அவ்வளவுதான். மொத்தக் குடலையும் நீட்டினாலும் விராலின் நீளத்தை எட்டாது. இரண்டு மீனும் ஒரே ஊர்க் குளத்தில் ஒரே வலையில் விழுந்தவையாகக்கூட இருக்கலாம்.

அந்த ரோகுவின் வயிற்றில் இரைப்பை எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆய்பவர் வெட்டி எறிந்துவிட்டார் என்பதில்லை. அதற்கு இரைப்பையே கிடையாது. கட்லாவுக்கும் மிர்காலுக்கும் இல்லை. வயல் வாய்க்காலில் துள்ளும் சின்னக் கெண்டைப் பொடிக்கும் இல்லை. உணவுக்குழாய் முடிந்த இடத்திலேயே குடல் தொடங்கிவிடுகிறது. தொடக்கப் பகுதி கொஞ்சம் அகலமாக இருப்பதால் பார்ப்பவர்கள் அதை இரைப்பை என்று எண்ணிக்கொள்வார்கள். ஆனால் இரைப்பைக்கு இரைப்பை என்ற தகுதியைத் தருபவை இரண்டு: ஹைட்ரோகுளோரிக் அமிலமும், அந்த அமிலத்தில் மட்டுமே வேலை செய்யும் பெப்சின் என்ற நொதியும். ரோகுவின் வயிற்றில் இரண்டுமே சுரப்பதில்லை.

சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தாடை கொண்ட முதல் மீன்களோடு சேர்ந்து வந்த உறுப்பு இரைப்பை. நமக்கும் அந்த வழியில்தான் வந்தது. இவ்வளவு பழைய சொத்தைக் கெண்டைக் குடும்பம் தொலைத்துவிட்டது. அது தனியாகத் தொலைக்கவும் இல்லை. நாகப்பட்டினம் மீனவர்கள் பிடிக்கும் கோலாவுக்கும், வலையில் சிக்கினால் ஊதிக்கொள்ளும் பேத்தைக்கும், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீனுக்கும் இரைப்பை இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிளைகளில் பல தடவை இந்த இழப்பு நடந்திருக்கிறது. இரைப்பை இல்லாத மீன்கள் உண்டு என்பதைப் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் கூவியே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். காரணத்தின் ஒரு பாதி 2014இல் வெளியான மரபணு ஆய்வில் கிடைத்தது. நம் கெண்டைகளுக்கு உறவான வரிக்குதிரை மீனிலும், பேத்தையிலும், இன்னும் சில மீன்களிலும் அமிலத்தை இறைக்கும் புரதத்துக்கான மரபணுக்களும் பெப்சினுக்கான மரபணுக்களும் காணாமல் போயிருந்தன. மூடி வைத்திருந்தால் பிறகு ஒருநாள் திறக்கலாம். இவை அடியோடு அழிந்துவிட்டன. ஆகவே கெண்டைப் பரம்பரையில் இரைப்பை மறுபடி முளைக்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

மறுபாதிக் காரணத்தில் இன்னும் விவாதம் உண்டு. எனக்கு ஏற்கத் தகுந்ததாகப் படுவது இது: சேற்றையும் பாசியையும் அள்ளித் தின்னும் உயிருக்கு அமிலம் சுரப்பது வீண் செலவு. சேற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். சுரந்த அமிலத்தில் பாதியை அதுவே தணித்துவிடும். புரதத்தை உடைக்க டிரிப்சின் போன்ற நொதிகள் குடலில் ஏற்கெனவே உள்ளன. அவை அமிலத்தில் வேலை செய்யாது, லேசான காரத்தில்தான் செய்யும். கிடைப்பதை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும் மீனுக்குச் சேமித்து வைக்கப் பையும் தேவையில்லை.

இரைப்பை செய்யாத வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடு வாயிலும் தொண்டையிலும் இருக்கிறது. கெண்டையின் வாயில் விரலை விட்டால் கடிக்காது, தாடையில் ஒரு பல்கூட இல்லை. எச்சில் சுரப்பியும் இல்லை. வழவழப்பான கோழை மட்டும் உண்டு. குளத்தின் அடியில் மிர்கால் வாயைக் கீழ்நோக்கி வைத்துச் சேற்றை உறிஞ்சுகிறது. அத்தனையையும் விழுங்கிவிடுவதில்லை. கெண்டை இனத்துக்கு மேலண்ணத்தில் தடித்த தசை மெத்தை ஒன்று உண்டு. அது முழுக்கச் சுவை மொட்டுகள். உறிஞ்சிய சேற்றில் புழுவோ விதையோ பட்டால் அந்த இடத்துத் தசை மட்டும் புடைத்து அதைப் பிடித்துக்கொள்ளும். மிச்சச் சேறு செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே போகும். இந்த வேலைக்காகவே கெண்டையின் பின்மூளையில் தனியாக ஒரு பகுதி பெருத்துக் கிடக்கிறது. குளத்து நீர் கலங்கி மேலே சின்னச் சின்னக் குமிழிகள் வந்தால் ‘மிர்கால் மேயுது’ என்பார்கள். அங்கே அடியில் நடப்பது இந்தப் பொறுக்கல்தான்.

பிறகு தொண்டை. கடைசிச் செவுள் வளைவு செவுள் வேலையை விட்டுவிட்டுப் பல் வரிசையாக மாறியிருக்கிறது. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் பக்கத்துக்கு மூன்று வரிசைப் பற்கள். அவற்றுக்கு எதிரே மண்டை ஓட்டின் அடியில் கொம்புபோல் கெட்டியான ஒரு தட்டு. இது அம்மி என்றால் அந்தப் பற்கள் குழவி. உணவு இரண்டுக்கும் நடுவே அரைபட்டுக் குடலுக்குள் போகிறது. மீன் தலைக் குழம்பை ருசித்துச் சாப்பிடுபவர்கள் இந்தப் பற்களைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். என்ன எலும்பு இது என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கியும் வைத்திருப்பார்கள்.

குடலின் நீளம் மீனின் சாப்பாட்டைப் பொறுத்தது. புழு பூச்சி தின்னும் மீனுக்குக் குட்டை, செடியும் மக்கலும் தின்பதற்கு நெட்டை. இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு: ரோகு பிறக்கும்போது அதன் குடலும் குட்டைதான். முட்டையிலிருந்து வந்து, மஞ்சள் கரு கரைந்த மூன்றாம் நாள் வாக்கில் இரை தேடத் தொடங்கும் குஞ்சு, தாவரத்தைத் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விலங்கு மிதவைகளைத்தான் பிடித்துத் தின்னும். குடல் நேராக ஒரு குழாயாக இருக்கும். வளர வளரப் பாசிக்கும் மக்கலுக்கும் மாறுகிறது; அப்போதுதான் குடல் மடிந்து சுருளத் தொடங்குகிறது. நாற்றங்கால் குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் சாணம் கரைத்து ஊற்றி, நுண்ணுயிர்ப் பெருக்கம் வந்த பிறகே குஞ்சை விட வேண்டும் என்று மீன்வளத் துறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் அடிப்படை இந்தக் குட்டைக் குடல்.

இந்த மூன்று பெருங்கெண்டைகளும் காவிரியின் சொந்தப் பிள்ளைகள் அல்ல, வடக்கத்தி ஆறுகளிலிருந்து வந்தவை. காவிரிக்குச் சேல் கெண்டையும் வெண்கெண்டையும் உண்டு. மணத்தில் அவற்றை மிஞ்ச முடியாது என்று ஆற்றோரத்துக்காரர்கள் சொல்வதில் பாதி பாசம், பாதி உண்மை. டெல்டா முழுக்கக் குளம் குளமாக ரோகுவும் கட்லாவும் பரவியதற்கு 1957 ஜூலை 10ஆம் தேதியைக் குறிப்பிட வேண்டும். அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையைச் சினைவிட வைத்தார்கள். அதுவரை பெரும்பாலும் ஆற்றில் குஞ்சு பிடித்துத்தான் குளத்தில் விட முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தன. பிறகு வந்ததுதான் கூட்டு மீன் வளர்ப்பு: மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். வாயைப் பார்த்தாலே யாருக்கு எந்த மட்டம் என்று புரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கிப் பிளந்திருக்கும். செவுளின் உட்புறம் மெல்லிய முட்கள் நெருக்கமாக நின்று மிதவை உயிர்களை வடிகட்டும். ரோகுவின் உதடு ஓரம் ஓரமாகக் கிழிந்தது போலிருக்கும், பாசியைச் சுரண்டுவதற்கு.

இந்தக் கூட்டத்தில் விசித்திரமானது புல் கெண்டை. முழுச் சைவம். வேலம்பாசியோ தீவனப்புல்லோ வெட்டிப் போட்டால் வெயில் காலத்தில் ஒரு நாளில் தன் எடைக்குக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். சைவ மீனுக்குக் குடல் நீளமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. இதன் குடல் உடம்பைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கைச் சுற்றித்தான். நார்ச்சத்தை உடைக்க அதனிடம் சொந்த நொதி இல்லை. மாட்டுக்கு இருப்பது போல் நொதிக்க வைக்கும் அறையும் இல்லை. தொண்டைப் பல்லால் கிழித்த செல்களிலிருந்து சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சில மணி நேரத்தில் தள்ளிவிடுகிறது. தின்றதில் பாதி அப்படியே வெளியே வரும். அதனால் அது இரவு பகல் பார்க்காமல் தின்ன வேண்டியிருக்கிறது. குளத்துக்கு இது லாபம். அரைபட்ட அந்தப் புல் மிர்காலுக்கு உணவு, கரைந்ததில் பாசி வளர்ந்தால் வெள்ளிக் கெண்டைக்கு உணவு. சீனக் குளங்களில் புல் கெண்டையை நம்பியே மற்ற மீன்களை வளர்த்த வழக்கம் உண்டு. செரிமானம் மோசமான ஒரு மீன் குளத்துக்கே சமையல்காரராகிவிட்டது.

விராலின் கதை நேர் எதிர். 1793இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் மருத்துவராக இருந்த பிளாக். தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்குச் சாராயத்தில் ஊறப்போட்டு அனுப்பிய மீன்கள் ஏராளம். பிளாக் பார்த்தது பாம்புத் தலையை. பெயரும் அப்படியே அமைந்தது. வயிற்றைப் பார்த்திருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். விரால் மெல்லுவதில்லை. தாடைப் பல்லால் இரையை நழுவாமல் பிடித்து, பெரும்பாலும் தலைப்பக்கமாகத் திருப்பி, முழுசாக விழுங்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் இழுத்த இழுப்புக்கு விரியும். உள்ளே போன தவளையையோ கெளுத்தியையோ அமிலமும் பெப்சினும் எலும்போடு கரைக்கும். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் விரல்போல் இரண்டு குருட்டுப் பைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆய்பவர்களுக்கு அவை நன்றாகத் தெரியும். சில கடல் மீன்களில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். இவற்றை எழுதிவைத்த பழைய ஆள் அரிஸ்டாட்டில். அவை எதற்கு என்பதை 1986இல் அமெரிக்காவில் பட்டிங்டனும் ஜேரட் டயமண்டும் அளந்து காட்டினார்கள்: உணவை நொதிக்க வைக்கவோ சேர்த்து வைக்கவோ அல்ல, சத்தை உறிஞ்சும் பரப்பைக் கூட்டவே. பின்னாளில் நாகரிகங்களின் வரலாறு எழுதிப் புகழ்பெற்ற அதே டயமண்ட்தான்.

விரால் எவ்வளவு தின்கிறது, அதில் எவ்வளவு சதையாகிறது என்ற கணக்கைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் போட்டார். டி.ஜே. பாண்டியன் விராலின் உணவு உட்கொள்ளல், செரிமானம், உறிஞ்சல், மாற்றம் ஆகியவற்றை அளந்து 1967இல் வெளியிட்டார். பிறகு மதுரையில் அவரும் ஈ. விவேகானந்தனும் செய்த சோதனைகள் எனக்கு இன்னும் பிடித்தவை. விரால் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்காது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். சாப்பிட்ட மீனுக்குச் செரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும், ஆகவே பட்டினி மீனைவிட அதிக தடவை மேலே வருகிறது. ஆழம் கூடினால் ஒவ்வொரு தடவையும் நீந்தும் தூரம் கூடுகிறது; தின்றதில் ஒரு பங்கு அந்த ஏற்ற இறக்கத்திலேயே கரைந்துவிடுகிறது, வளர்ச்சி குறைகிறது. விராலுக்கு ஆழக் குளம் வெட்டுவதில் பெருமையில்லை என்பது இதிலிருந்து வரும் பாடம். வயலும் வாய்க்காலும் குட்டையுமாக முழங்கால் தண்ணீர் நிற்கும் டெல்டா அதற்கு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதும் விளங்குகிறது. தை மாதக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் நின்று, ஆனி வாக்கில் மேட்டூர் மறுபடி திறக்கும்வரை குட்டைகள் சுண்டும். அந்த மாதங்களில் சேற்றில் கிடக்கும் விரால் பட்டினியாகத்தான் கிடக்கும். பட்டினியில் மீனின் குடல் சும்மா இருப்பதில்லை, உட்சுவர் மெலிந்து சிறுக்கும். பராமரிக்கச் செலவு பிடிக்கும் திசு அது. புதுத்தண்ணீரும் இரையும் வந்தால் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

ஜிலேபியை விட்டுவிட முடியாது. அதை விட்டாலும் அது நம் குளத்தை விடாது. 1952 வாக்கில் மண்டபத்துக்கு வந்த மீன், இன்று மேட்டூரிலிருந்து கடைமடை வரை எல்லா நீரிலும் இருக்கிறது. அதன் வெற்றிக்குப் பல காரணம் சொல்வார்கள். ஒன்று வயிற்றில் இருக்கிறது. குளத்தில் பச்சை வர்ணம் கொட்டியது போல் மிதக்கும் நீலப்பச்சைப் பாசியைப் பெரும்பாலான மீன்களால் செரிக்க முடிவதில்லை. செல்சுவர் அவ்வளவு கெட்டி. உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் 1970களின் தொடக்கத்தில் மோரியார்ட்டி என்ற ஆய்வாளர் ஜிலேபியின் நெருங்கிய உறவான நைல் திலேப்பியாவின் இரைப்பையை அளந்தபோது அமிலத்தின் கடுமை பி.எச். 1.4 வரை இறங்கியது. மனித இரைப்பையை மிஞ்சக்கூடிய கடுமை. இரவில் அந்த மீன் தின்பதில்லை, அமிலமும் சுரப்பதில்லை. காலையில் முதலில் விழுங்கிய பாசி பச்சை நிறம் மாறாமல் அப்படியே பின்வழியாக வந்துவிடுகிறது. வெயில் ஏற ஏற அமிலம் ஏறுகிறது, கழிவு பழுப்பாகிறது. அமிலத்தில் வெடித்த பாசியின் சத்தை எடுத்துக்கொள்ள நீண்ட குடல் பின்னால் காத்திருக்கிறது.

ஆறு கடலைத் தொடும் முத்துப்பேட்டையில் மடவைக்கு இன்னொரு வழி. அதன் இரைப்பையின் பின்பாதி கோழியின் கல்லீரல் பக்கத்தில் இருக்குமே, அந்த அரைவைப்பையைப் போன்ற கெட்டித் தசை. விழுங்கிய மணலையே அரவைக் கல்லாக்கிக்கொண்டு சேற்றுப் பாசியை நொறுக்குகிறது. உப்புத் தண்ணீருக்குள் போனால் குடலுக்கு இரண்டாவது உத்தியோகமும் சேர்ந்துகொள்ளும். ஆற்று மீன் தண்ணீர் குடிப்பதே அரிது, கடல் மீன் குடித்தே ஆக வேண்டும். குடித்த நீரிலுள்ள கால்சியத்தைக் குடல் சுண்ணாம்புக் கட்டியாக்கி வெளியே தள்ளும். உலகக் கடலின் மேல்மட்டத்தில் உருவாகும் கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன் குடலில் உருவாவது என்று 2009இல் ஒரு மதிப்பீடு வந்தது.

குடலால் மூச்சு விடும் மீனும் உண்டு. அயிரையின் குடும்பத்தில் பல மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதியிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆசனவாய் வழியே விடும். ஜப்பானில் தகபே குழுவினர் இதைப் பார்த்துத்தான், நுரையீரல் கெட்ட நோயாளிக்குப் பின்வழியாக ஆக்சிஜன் செலுத்த முடியுமா என்று எலியிலும் பன்றியிலும் சோதித்தார்கள். 2021இல் வந்த அந்த ஆய்வுக்கு 2024இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. உயிரோடு வாங்கிய அயிரையைப் பாலில் போட்டால் மண்ணைக் கக்கும் என்று நம் வீடுகளில் செய்வதும் குடல் விவகாரம்தான். அது கக்குவதைவிடக் கழிப்பதே அதிகம், சுத்தமான தண்ணீரில் சில மணி நேரம் விட்டாலும் குடல் காலியாகும்.

ஆயும்போது எல்லாரும் பயப்படுவது பித்தப்பைக்கு. உடைந்தால் குழம்பே கசக்கும். கொழுப்பைப் பொடிப்பொடியாகப் பிரித்து நொதிக்குக் கொடுப்பது பித்தநீரின் வேலை. கெண்டையில் கணையம் தனி உறுப்பாகக்கூட நிற்பதில்லை. கல்லீரலுக்குள்ளும் குடல் மடிப்புகளுக்கு இடையிலும் சிதறிக் கிடக்கும். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரோகு, புல் கெண்டை பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை இந்தியா, சீனா, வியட்நாம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கெண்டைப் பித்தநீரிலுள்ள சைப்ரினால் என்ற பொருளின் வேலை அது. வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. யாராவது கேட்டால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

தவிட்டுக்கு வருவோம். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் மீனுக்குத் தவிடு போடாமல் வேறு என்ன போடுவார்கள்? தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, உரச்சாக்கில் கொட்டி, சாக்கின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, குளத்தில் நட்ட மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் வந்து துளையை முட்டி முட்டி இழுத்துத் தின்னும். ஒரே வேளையில் கொட்டிவிடாமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வைக்கும் இந்த ஏற்பாடு, இரைப்பை இல்லாத உயிருக்கு அளந்து தைத்தது மாதிரி. யார் முதலில் கண்டுபிடித்தாரோ, அவர் உடற்கூற்றியல் படித்திருக்கத் தேவையில்லை, முட்டும் மீனைக் கவனித்திருந்தால் போதும்.

சிக்கல் பாஸ்பரஸில் இருக்கிறது. தவிட்டில் அது நிறைய உண்டு, ஆனால் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி மீனிடம் இல்லை. விரால் தான் தின்ற மீனின் எலும்பை அமிலத்தில் கரைத்துத் தனக்கு வேண்டிய பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளும். கெண்டைக்கு அமிலமும் இல்லாததால் தீவனத்தில் கருவாட்டுத் தூளைச் சேர்த்தாலும் அதிலுள்ள எலும்பின் சத்து பெரும்பாலும் வீணாகும். தீவன ஆலைகள் ஃபைட்டேஸ் நொதியைக் கலப்பதும், நீரில் எளிதில் கரையும் பாஸ்பேட்டைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். சாக்குத் தவிட்டில் அதெல்லாம் கிடையாது. அவிழாத பாஸ்பரஸ் கழிவோடு குளத்தில் இறங்கி, அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் கையில் அவிழ்ந்து, பாசிக்கு உரமாகிறது. அளவோடு இருந்தால் கட்லாவுக்கும் வெள்ளிக் கெண்டைக்கும் கொண்டாட்டம். மிஞ்சினால் பாசி பூத்து, இரவில் அதுவே ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கும். விடியற்காலையில் மீன் மூச்சுக்காக மேலே வந்து வாய் தூக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இரட்டிப்பு ஆபத்து. வெயில் இல்லாததால் பாசி பகலிலும் ஆக்சிஜன் தருவதில்லை. தண்ணீர் குளிர்வதால் நொதிகளின் வேகமும் குறையும். 10 டிகிரி இறங்கினால் செரிமான வேகம் ஏறக்குறைய பாதியாகும். அப்போது தின்ற மீனுக்குச் செரிக்கவே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், கிடைக்காது. ஆகவே மூடாப்பு போட்ட நாளில் அனுபவமுள்ள குத்தகைதாரர் சாக்கைக் குளத்திலிருந்து அவிழ்த்துக் கரையில் போட்டுவிடுவார். இரண்டு நாள் பட்டினியில் கெண்டை சாகாது, வயிறு நிறைந்து மூச்சு முட்டினால் ஒரே ராத்திரியில் குளமே மிதக்கும்.